'செல்ஃப் எடுக்கல' என்கிறோமே... அந்த செல்ஃபை காருக்குள் கொண்டுவந்தவர் யார்? சார்லஸ் கெட்டரிங்கின் கதை

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு வண்டி அமைதி. உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டு நாம் சொல்வது ஒரே வார்த்தைதான்: செல்ஃப் எடுக்கல. சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை எந்த ஒர்க் ஷாப்பில் சொன்னாலும் புரியும். 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற ஆங்கிலப் பெயரில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைத் தமிழ் வைத்துக்கொண்டது.

இந்த செல்ஃப் வருவதற்கு முன்பு காரை ஸ்டார்ட் செய்வது கிட்டத்தட்ட சண்டைக்குப் போவது மாதிரி. கை உடையும், தாடை பெயரும், சில நேரம் உயிரும் போகும். அதை ஒரு பட்டன் வேலையாக மாற்றியவர், கண்பார்வை சரியில்லாமல் இரண்டு முறை படிப்பை நிறுத்திய ஒரு விவசாயி மகன். பெயர் சார்லஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங். இதே மனிதர்தான் உலகம் முழுக்க பெட்ரோலில் ஈயம் கலந்ததற்கும் முக்கியக் காரணம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இவர் கதை முழுசாகும்.

கண் ஒத்துழைக்காத மாணவன்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணையில் 1876 ஆகஸ்ட் 29-ம் தேதி கெட்டரிங் பிறந்தார். படிப்பில் கெட்டி. ஆனால் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளி முடித்துவிட்டு கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்தார். பிறகு வூஸ்டர் கல்லூரியில் சேர்ந்தார், கண் பிரச்னையால் விட்டார். ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் சேர்ந்தார், அங்கேயும் அதே கண், அதே கதை.

அந்த இடைவெளியில் அவர் போனது டெலிபோன் கம்பி இழுக்கும் வேலைக்கு. கம்பம் நட்டு, குழி தோண்டி, லைன் மாட்டும் குழுவுக்கு மேஸ்திரி. வெளிக்காற்றில் வேலை செய்ததில் உடம்பு தேறியது. புத்தகத்தில் படிக்க முடியாத கரண்ட் சமாச்சாரம் கையாலேயே பழகிவிட்டது. திரும்பவும் ஒஹாயோ ஸ்டேட் போய், கூடப்படித்தவர்கள் பாடத்தை வாசித்துக் காட்ட, 1904-ல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27. அடுத்த வருடமே ஆலிவ் வில்லியம்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1908-ல் ஒரே மகன் யூஜின் பிறந்தான்.

கல்லாப்பெட்டியில் கிடைத்த ரகசியம்

பட்டம் வாங்கிய கையோடு டேட்டன் நகரிலிருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளில் கல்லாப்பெட்டியாக வைக்கும் அந்த மெஷினைச் செய்யும் கம்பெனி. அப்போது அதை ஒவ்வொரு விற்பனைக்கும் கையால் கைப்பிடியைச் சுழற்றித்தான் இயக்க வேண்டும். அதற்கு ஒரு மின்மோட்டாரைப் பொருத்தும் வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

இங்கேதான் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஃபேன் மாதிரி மணிக்கணக்கில் ஓட வேண்டிய மோட்டார் வேறு, கல்லாப்பெட்டி மோட்டார் வேறு. இது ஓரிரு நொடி ஓடினால் போதும். அந்த ஓரிரு நொடிக்கு அதன் தாங்கும் அளவுக்கு மேலேயே கரண்ட் கொடுத்து, முழு பலத்தையும் பிழிந்து எடுக்கலாம். சூடாகி எரிவதற்குள் வேலை முடிந்துவிடும், அடுத்த விற்பனைக்குள் ஆறிவிடும். ஆக, சின்ன மோட்டாரே பெரிய வேலையைச் செய்யும். 1906-ல் மின்சாரக் கல்லாப்பெட்டி தயார்.

இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கார் செல்ஃப் மோட்டாரின் மொத்த சூட்சுமமும் இதுதான்.

கம்பெனியில் அவருக்கு மேலே இருந்த எட்வர்ட் டீட்ஸ் என்பவருக்கு கார் மேல் ஆசை. அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இருவரும், கூட வேலை பார்த்த சில பேரும் சாயங்காலமும் லீவு நாளிலும் உட்கார்ந்து கார் பாகங்களை நோண்ட ஆரம்பித்தார்கள். முதலில் செய்தது இன்ஜினுக்குள் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் சிஸ்டம். கேடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லீலண்ட் அதைப் பார்த்து ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தார். 1909-ல் கெட்டரிங் வேலையை விட்டார், டெல்கோ கம்பெனி பிறந்தது. அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள் பாயின்ட், கண்டென்சர், காயில் என்று மாற்றிக்கொண்டிருந்தார்களே, அந்த ஏற்பாட்டுக்கு மூலம் கெட்டரிங்கின் இந்த இக்னிஷன்தான்.

ஹேண்டில் போட்ட காலம்

பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் காருக்கு முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். படத்தில் அது காமெடி. நிஜத்தில் அப்படியில்லை.

ஹேண்டில் நேராக இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டோடு மாட்டிக்கொள்ளும். தீப்பொறி விழும் நேரத்தை டிரைவர் ஒரு நெம்புகோலால் தள்ளிவைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். மறந்துவிட்டால் பிஸ்டன் மேலே வந்து முடிப்பதற்குள்ளேயே வெடிப்பு நடந்து இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். கையில் இருக்கும் இரும்பு ஹேண்டில் அதே வேகத்தில் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு எலும்பு இப்படி உடைவது அன்றைக்கு அவ்வளவு சாதாரணம்; அந்த வகை எலும்பு முறிவுக்கு மருத்துவத்தில் இன்றும் 'ஷோஃபர் ஃபிராக்சர்', அதாவது டிரைவர் முறிவு என்றே பெயர் இருக்கிறது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிர்ப்பக்கம் வளைக்கக்கூடாது, கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்றெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

பெட்ரோல் கார் ஓட்டப் பலர் தயங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்தக் காலத்தில் எலெக்ட்ரிக் கார்கள் கணிசமாக ஓடின, குறிப்பாகப் பெண்களிடம். பெட்ரோல் காரை ஊருக்கே விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்!

செல்ஃப் பிறந்த கதை என்று பரவலாகச் சொல்லப்படுவது இது. லீலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர், அவரும் கார் தயாரிப்பாளர்தான். டெட்ராய்ட்டில் பாலத்தில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப்போனார். ஹேண்டில் திரும்பி அடித்துத் தாடை உடைந்தது, பிறகு இறந்துபோனார். மனசு உடைந்த லீலண்ட், இனி ஹேண்டிலால் யாரும் சாகக்கூடாது என்று கெட்டரிங்கிடம் பொறுப்பைக் கொடுத்தார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல புத்தகங்கள் இந்தச் சம்பவத்தை 1910 குளிர்காலத்தில் வைக்கின்றன. கார்ட்டர் இறந்ததோ 1908-ல். கதைக்குள் எவ்வளவு நிஜம், எவ்வளவு பின்னால் சேர்ந்த மசாலா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. லீலண்ட் மின்சார ஸ்டார்ட்டர் கேட்டார், கெட்டரிங் செய்து கொடுத்தார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

முடியாது என்றார்கள், எப்படி முடிந்தது?

யோசனை புதுசில்லை. 1896-லேயே இங்கிலாந்தில் மின்சார ஸ்டார்ட்டரை முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் என்பவர் 1903-ல் காப்புரிமையே வாங்கிவிட்டார். நடைமுறையில்தான் எதுவும் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய இன்ஜினைச் சுற்ற அதற்கேற்ற பெரிய மோட்டார் வேண்டும், அதற்கு இன்னும் பெரிய பேட்டரி வேண்டும், பிறகு காரில் ஆள் உட்கார இடம் ஏது என்பதுதான் எல்லோரும் சொன்ன கணக்கு.

கெட்டரிங் போட்டது கல்லாப்பெட்டிக் கணக்கு. மோட்டார் நாள் முழுக்க இன்ஜினைச் சுற்ற வேண்டாமே, சில நொடி போதுமே!

சின்ன மோட்டாரின் நுனியில் சின்னப் பல்சக்கரம். அது இன்ஜினின் ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தைத் தள்ளும். சைக்கிளில் மேடு ஏற கியர் மாற்றுவது மாதிரிதான். மோட்டார் பல சுற்று சுற்றினால் இன்ஜின் ஒரு சுற்று சுற்றும், ஆனால் பலம் அத்தனை மடங்கு கூடும். இன்றைய கார்களில் இந்த விகிதம் தோராயமாக 10 முதல் 15 மடங்கு.

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது பல்சக்கரம் விலகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால், 12 மடங்கு கணக்கில் மோட்டார் 24,000 சுற்று சுற்ற வேண்டும். சிதறிவிடும். அதனால் மோட்டார் இன்ஜினைத் தள்ளலாம், இன்ஜின் மோட்டாரைத் தள்ளக்கூடாது என்று ஒருவழிப் பாதையாக வேலை செய்யும் கிளட்ச் தேவைப்பட்டது. சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருளுமே, அதே தத்துவம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனம், ஸ்டார்ட் செய்த அதே மெஷினை இன்ஜின் ஓடும்போது டைனமோவாக மாற்றி பேட்டரியைச் சார்ஜ் செய்யவைத்தது. பேட்டரியின் பிரிவுகளை ஸ்டார்ட்டுக்கு மட்டும் 24 வோல்ட்டாக இணைத்து, விளக்குக்கும் சார்ஜுக்கும் 6 வோல்ட்டாகப் பிரித்தார்கள். ஸ்டார்ட், லைட், தீப்பொறி மூன்றும் ஒரே ஏற்பாட்டில்.

1911 பிப்ரவரியில் லீலண்டுக்கு மாதிரியைக் காட்டினார். 12,000 செட்டுக்கு ஆர்டர் வந்தது. 1912 மாடல் கேடிலாக் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு ரோட்டுக்கு வந்தது. இதற்காக கேடிலாக்குக்கு இங்கிலாந்தின் டேவார் கோப்பை கிடைத்தது. சில வருடத்துக்குள் மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே ஓடி வந்தன. சிக்கனத்துக்குப் பேர்போன ஃபோர்டின் மாடல் டி காருக்கே 1919-ல் மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கெட்டரிங்குக்குக் காப்புரிமை 1915-ல் கிடைத்தது.

ஹேண்டில் போனதும் எலெக்ட்ரிக் காருக்கு இருந்த முக்கியமான பிளஸ் பாயின்ட்டும் போனது. பெட்ரோல் கார் ஜெயித்ததற்கு இந்தக் குட்டி மோட்டாரும் ஒரு காரணம்.

அதே மோட்டார் இன்று மக்கர் செய்தால்?

நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் பெட்ரோல், டீசல் கார்களில் அடிப்படை மாறவில்லை. சாவிக்குப் பதில் பட்டன் வந்திருக்கிறது, உள்ளே அதே கதைதான். அதனால் கெட்டரிங்கின் கணக்கு தெரிந்தவருக்கு வீட்டு வாசலிலேயே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

முதல் சந்தேகம் செல்ஃப் மேல் வரக்கூடாது, பேட்டரி மேல் வரணும். சில நொடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் பிழிகிற மோட்டார் இது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். லைட் அப்படியே மங்கி, 'டகடகடக' என்று சத்தம் வந்தால் பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து கரண்டை மறிக்கிறது. சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் எடுத்துவிடும். பலரும் பார்க்க மறப்பது எர்த் ஒயரை. இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் அந்தப் பட்டை லூசாக இருந்தால் புது பேட்டரி போட்டும் பிரயோஜனமில்லை.

லைட் பளிச்சென்று இருக்கிறது, ஒரே ஒரு 'டக்' மட்டும் வருகிறதா? சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. சொலினாய்டு உள் காண்டாக்ட் எரிந்திருக்கலாம், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் பெரும்பாலும் கார்பன்தான். அது அன்றைக்கு வீடு போய்ச் சேர மட்டும் உதவும் வைத்தியம்.

மோட்டார் 'உய்ங்' என்று வெறுமனே சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை என்றால் மெக்கானிக்குகள் 'பெண்டிக்ஸ்' போச்சு என்பார்கள். மேலே சொன்ன ஒருவழி கிளட்ச்சும் பல்சக்கரமும் சேர்ந்த பாகம் அது. வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கரின் பெயர் நம்ம ஊர் ஒர்க் ஷாப் வரை வந்து தங்கிவிட்டது. 'கரகர'வென்று பல் உரசும் சத்தம் வந்தால் ஃபிளைவீல் பல்வளையத்தையும் பார்க்க வேண்டும். அது வீட்டில் முடியும் வேலை இல்லை.

கழற்றுவதாக இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிட வேண்டும். செல்ஃபுக்கு வரும் தடித்த ஒயரில் ஃபியூஸ் கிடையாது என்பதுதான் பல வண்டிகளில் நிலைமை. ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், கையில் மோதிரம் இருந்தால் இன்னும் மோசம். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்வதை வீடியோக்களில் பார்த்து முயல்கிறார்கள். கியரில் கிடக்கும் வண்டி பாய்ந்துவிடும், ஹேண்டில் காலத்து ஆபத்தை விலை கொடுத்து வாங்குவது மாதிரி.

இன்னொன்று, எடுக்காத வண்டியை விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. ஓரிரு நொடிக்கான மோட்டார் என்பதுதானே கெட்டரிங்கின் ஆதாரக் கணக்கு? 10 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றாமல், நடுவே ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்மேச்சர் காயில் கருகிவிடும்.

ஜெனரல் மோட்டார்ஸில்: தோல்வியும் ஈயமும்

டெல்கோ 1916-ல் விற்கப்பட்டு, பிறகு ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போனது. 1920-லிருந்து 1947 வரை அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் கெட்டரிங்தான். சீக்கிரம் காயும் கார் பெயின்ட், ரயிலுக்கான டூ-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின் என்று பட்டியல் நீளம். மொத்தம் 186 காப்புரிமைகள்.

விழுந்த இடமும் உண்டு. தண்ணீருக்குப் பதில் செம்புத் தகடும் காற்றும் குளிரவைக்கும் இன்ஜினை 1923-ல் செவர்லே காரில் போட்டார்கள். சில நூறு கார்கள் வெளியே போவதற்குள் கோளாறு மேல் கோளாறு, எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. மனம் நொந்து விலகப் பார்த்த கெட்டரிங்கை, கம்பெனித் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் சமாதானப்படுத்தித் தக்கவைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஈயம். இன்ஜினுக்குள் பெட்ரோல் கண்டபடி வெடித்து 'டொக் டொக்' என்று தட்டும் நாக்கிங் பிரச்னைக்கு கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று போட்டியாளர்கள் பழி போட்டார்கள். காரணம் எரிபொருளில் இருக்கிறது என்று காட்ட அவர் கிளம்பினார். அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் இதற்கு மருந்தாகும் என்று கண்டுபிடித்தார். கொஞ்சூண்டு கலந்தால் போதும், தட்டல் நின்றுவிடும். ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது இருவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் ஆல்கஹாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, நிறையவும் கலக்க வேண்டும். இன்று பெட்ரோலில் எத்தனால் கலப்பது பற்றி நடக்கும் விவாதம், நூறு வருடத்துக்கு முன்பே அந்த ஆய்வகத்தில் ஒரு சுற்று முடிந்துவிட்டது.

ஈயத்தை விற்க 1924-ல் எத்தில் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் கெட்டரிங். கம்பெனிப் பெயரிலும் விளம்பரத்திலும் ஈயம் என்ற சொல் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஈயம் விஷம் என்பது ரோமானியர் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். எச்சரித்த மருத்துவர்களும் இருந்தார்கள். விற்பனை கொஞ்ச காலம் நின்றது, அரசு அமைத்த குழு தடை போடக் காரணமில்லை என்றதும் மறுபடி ஆரம்பித்தது. அடுத்த ஐம்பது வருடம் உலகத்தின் எல்லா ரோட்டிலும் புகையோடு ஈயம் கலந்தது; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் பாதித்தது. ஹேண்டிலால் உடைந்த கைகளை எண்ணிவிடலாம், இதை எண்ண வழியில்லை.

ஃபிரிட்ஜில் விஷ வாயுக்களுக்குப் பதிலாக வந்த ஃபிரியானும் இதே ஆய்வகக் கூட்டணியின் வேலைதான். ஓசோன் படலத்தை அது அரிக்கிறது என்பது தெரியவந்தது கெட்டரிங் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு. ஈயத்துக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

கடைசிக் காலம்

1945-ல் ஸ்லோனும் கெட்டரிங்கும் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று உலகின் முன்னணி புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றான மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கின் பெயரில் வருவது இவர்தான். மனைவி ஆலிவ் 1946-ல் இறந்தார். அடுத்த வருடம் கெட்டரிங் ஓய்வு பெற்றார். டேட்டனுக்குப் பக்கத்தில் அவர் வசித்த பகுதிக்கே அவர் உயிரோடு இருக்கும்போது கெட்டரிங் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அது ஒரு நகரம்.

1958 நவம்பர் 25-ம் தேதி, 82 வயதில் அவர் தன் வீட்டில் இறந்தார். அப்போது பங்க்குகளில் விற்ற பெட்ரோலில் பெரும்பகுதி ஈயம் கலந்ததுதான். இந்தியா முழுக்க அது நின்றது 2000-ல். உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.